சேறும் ஸ்கேனும்: நாட்குறிப்பு

ஜூன் 4
அக்காவின் ஸ்கேனுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஜூன் 6
குளத்துச் சேறும் நீரும் நிரப்பிய ஜாடியைக் குலுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். "உன் சேற்றை யார் தொடப்போகிறார்கள்?" என்றாள் அக்கா. கலங்கினால் அடுக்குகள் போய்விடும். மேல் நீரில் ஆக்சிஜன், அடிச்சேற்றில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சல்பைடு. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய எல்லைப்பகுதி. ஆக்சிஜன் மிகுந்தாலும் ஆகாது, அறவே இல்லாவிட்டாலும் பலவற்றுக்கு ஆகாது. காந்தப்புலத்துக்கு ஏற்பத் திரும்பி நீந்தும் காந்தப் பாக்டீரியாக்களின் குடியிருப்பு அங்கேதான். மூடியை இறுக்கவில்லை, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9
அக்காவின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முடிந்தது. உலோகம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். எந்திரத்துக் காந்தப்புலத்தின் வலிமை 1.5 டெஸ்லா என்று கதவில் எழுதியிருந்தது. வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அந்த மெலிந்த பூமிப் புலமே ஒரு பாக்டீரியாவைத் திருப்பப் போதுமானது. உள்ளே என்ன சத்தம் அது! அக்கா வெளியே வந்ததும் தூக்கம் வருகிறது என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

ஜூன் 12
கிடைத்துவிட்டன! சேற்றுக்குச் சற்று மேலே ஜாடியின் வெளிப்புறத்தில் காந்தத்தின் தென்முனையை ஒட்டிவைத்து, பிறகு அந்த இடத்து நீரில் ஒரு சொட்டு எடுத்தேன். நுண்ணோக்கியில் எல்லாம் சொட்டின் ஒரே ஓரத்தை நோக்கிப் பாய்கின்றன. காந்தத்தைத் திருப்பினால் மொத்தக் கூட்டமும் திரும்பி எதிர் ஓரத்துக்கு ஓடுகிறது. 1963-இல் இத்தாலியின் பாவியாவில் பெல்லினி என்ற ஆய்வாளர் இதைக் கண்டு எழுதிவைத்தார், உலகம் கவனிக்கவில்லை. 1975-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் பகுதிச் சேற்றில் பிளேக்மோர் மறுபடி கண்டபோதுதான் பெயர் கிடைத்தது. பெல்லினியை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 13
இறந்துபோன செல்லும் திரும்புகிறது. நீந்தாது, திரும்ப மட்டும் செய்யும்.

ஜூன் 14
"வடக்கைத் தேடும் பாக்டீரியா" என்று எழுதுகிறவர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? அது எதையும் தேடுவதில்லை. உடலுக்குள் சங்கிலியாக வரிசையில் நிற்கும் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் படிகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 முதல் 120 நானோமீட்டர் வரை, செல்லைத் திசைகாட்டி முள்ளைப் போலத் திருப்பிவிடுகின்றன. நீந்துவது சாட்டை போன்ற கசையிழையின் வேலை. எங்கே நிற்பது என்பதை ஆக்சிஜன் சொல்கிறது. வட கோளத்தில் பூமியின் காந்தப் புலக்கோடு வடக்கே சாய்ந்து கீழே இறங்குவதால் வடக்கே போவதும் சேற்றுக்குள் இறங்குவதும் ஒன்றாகிவிடுகிறது. தென் கோளத்தில் தெற்கே போனால் கீழே. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பிரேசிலில் இருவகையும் கலந்திருப்பதாக 1981-இல் கண்டார்கள். அழகான விளக்கம். 2006-இல் வட கோளத்துக் குளம் ஒன்றிலேயே தெற்கே போகிறவை கூட்டமாக அகப்பட்டு அதைக் கெடுத்துவிட்டன. எனக்கு அவற்றைத்தான் பிடித்திருக்கிறது.

ஜூன் 15
அறிக்கை தயாராகவில்லையாம். இறந்த செல்லும் திரும்புகிறது.

ஜூன் 17
தூக்கமில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது காந்தச் சங்கிலி என்னவாகும் என்று இரவெல்லாம் யோசனை. நடுவில் அறுபட்டு ஆளுக்குப் பாதி. அந்தப் பாதி ஓரத்தில் கிடந்தால் பயனில்லை, புதிய செல்லின் நடுவுக்கு நகர வேண்டும். அதற்கென்றே புரத இழை இருக்கிறது. இழை இல்லாவிட்டால் படிகங்கள் ஒழுங்கான ஒரே சங்கிலியாக நிற்பதில்லை. செல் அழிந்த பிறகும் படிகங்கள் படிவுகளில் புதைபடிவமாகக் கிடக்கும். இதை அக்காவிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். "மிச்சத்தையும் சொல்" என்றாள். சொல்லவில்லை.

ஜூன் 18
நாளை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் கேட்கவேண்டியதை எழுதிவை என்றாள் அக்கா. தாளில் முதல் வரியாக எழுதியது: சல்பைடு மிகுந்த உப்பங்கழிகளில் மேக்னடைட்டுக்குப் பதில் கிரைகைட் என்ற இரும்புச் சல்பைடு செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு, இந்தக் குளத்துச் சேற்றின் அடியிலும் இருக்குமா? அந்த வரியை அடித்துவிடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். அதையும் கேட்டுவிடு என்கிறாள்.