மிஸ்ட்டுக்குள் அம்பு விடுகிறவர்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை விளையாடுகிற எந்தக் கூட்டத்திலும் வில்லைப் பற்றிப் புலம்புகிற டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், ஒருவர் இருப்பார். வில் வைத்திருக்கிறவன் தூரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறான், ஒரு கீறல்கூட வாங்குவதில்லை என்பார். லோங்போ என்ற நீள வில்லின் சேதம் டி8, அதாவது எட்டு முகப் பகடை ஒன்று; ஒரு கையால் வீசும் லோங்சோர்டு வாளுக்கும் அதே டி8 தான். ஆகவே பிரச்சினை சேதத்தில் இல்லை. தூரத்தையும் பார்வையையும் மேசையில் யாரும் கணக்கெடுப்பதில்லை, அதுதான் விஷயம்.

லோங்போ 150 அடி வரை ஒழுங்காக எய்யும், அதற்கு மேல் 600 அடி வரை டிஸ்அட்வான்டேஜ், அதாவது இருபது முகப் பகடையை இரண்டு தரம் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். 600 அடி என்றால் கிட்டத்தட்ட 180 மீற்றர். மேட்டு லயத்தில் நின்றுகொண்டு பணிய லயத்து வாசலில் இருக்கிற ஆளைக் குறிபார்ப்பது மாதிரி. வெயில் நாளில் சரி. ஹப்புத்தளைப் பக்கம் மிஸ்ட் ஏறிவிட்டால் அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கிறவர்களின் பேச்சுத்தான் கேட்கும், ஆளைக் காண முடியாது. எங்கள் மேசையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், விதிப் புத்தகத்துக்குத்தான் தெரியாது.

எப்படி என்று சொல்கிறேன். அடர்ந்த மூட்டத்துக்குள் நீங்கள் எதிரியைப் பார்க்க முடியாது, அதனால் உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். எதிரிக்கும் உங்களைத் தெரியாது, அதனால் உங்களுக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு தரம் உருட்டிக் கூடியதை எடுக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும், சாதாரணமாக ஒரு தரம் உருட்டினால் போதும். இதில் பெரிய கூத்து, எத்தனை டிஸ்அட்வான்டேஜ் இருந்தாலும் ஒரேயொரு அட்வான்டேஜ் வந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே 600 அடித் தூரத்துக்கான தண்டனையும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. வெயிலில் எய்வதைவிட மிஸ்ட்டுக்குள் எய்வது சுலபம்! நுவரெலியாவில் வளர்ந்தவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

ஆனால் எங்கள் மேசையில் ரேஞ்சராக, அதாவது காட்டு வில்லாளியாக, ஆடுகிறவன் சிரிக்கவில்லை, பிடித்துக்கொண்டான். "மச்சான், விதி அப்படித்தானே சொல்லுது, நான் எய்றேன்."

"எங்கே எய்றாய்?" என்று டிஎம்மான நான் கேட்டேன்.

"கொப்ளின் நிக்கிற இடத்துக்கு."

"அது எங்கே நிக்குது?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் மருந்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரி எங்கே இருக்கிறது என்றும் தெரியாவிட்டால் இடத்தை ஊகித்துத்தான் எய்ய வேண்டும், அங்கே அது இல்லையென்றால் பகடை எதைக் காட்டினாலும் தவறியதுதான். இது நான் கண்டுபிடித்ததல்ல, அதே புத்தகத்தில் இருக்கிற விதி. நான் கூட்டியது ஒன்றுதான்: மிஸ்ட்டுக்குள் 60 அடிக்குள் என்றால் சத்தத்தை வைத்து இடம் தெரியும், அதற்கு அப்பால் வரைபடத்தில் ஒரு கட்டத்தைக் கை வைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவன் மரத்தில் ஏறுவது, காது கொடுத்துக் கேட்பது, முன்னால் ஆளை அனுப்பிக் குரல் கொடுக்கச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தான். ஆட்டம் நன்றாகிவிட்டது.

காற்றுக்கு விதி ஏற்கனவே இருக்கிறது, பலத்த காற்றில் எய்தால் டிஸ்அட்வான்டேஜ். மழையில் நாண் நனைவதற்கு இல்லை. 1346இல் கிரெசிச் சண்டையில் ஜெனோவாக்காரர்களின் குறுக்குவில் நாண்கள் மழையில் நனைந்து கெட்டன என்று ஒரு கதை உண்டு, அதைப் படித்துவிட்டு வந்து நனைந்த நாணுக்கும் விதி போடு என்று கேட்கிறார்கள். போடமாட்டேன். நம் ஊர் மழைக்கு அப்படி ஒரு விதி வைத்தால் வில்லைத் தொடவே முடியாது.

உங்கள் ஆளே நடுவில் நின்றால் எதிரிக்கு அரைமறைப்பு, அதன் ஏசியில், அதாவது அதன் மேல் பட உருட்ட வேண்டிய எண்ணில், 2 கூடும். இதை எல்லோரும் மறக்கிறார்கள். ஷார்ப்ஷூட்டர் என்ற சிறப்புத் திறனை எடுத்தவனுக்கு இது பொருட்டில்லை, மற்றவர்களுக்கு நான் விடுவதில்லை.

அம்பு எண்ணுவது வேறு சண்டை. தூணியில் 20 அம்பு. ஒரு சண்டை நாலு சுற்று, சுற்றுக்கு ஓர் அம்பு, முடிந்ததும் ஒரு நிமிடம் தேடினால் எய்ததில் பாதி திரும்பக் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு தூணி எட்டொன்பது சண்டை தாங்கும், 20 அம்பின் விலையோ ஒரு பொற்காசு. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும்போது இதை எண்ணுகிறவன் நேரத்தைத்தான் வீணாக்குகிறான். காட்டுக்குள் நாலைந்து நாள் நடக்கிற கதை என்றால் மட்டும் எண்ணுகிறோம், அதுவும் காகிதத்தில் இல்லை. காலி நெருப்புப் பெட்டிக்குள் இருபது குச்சி, எய்தால் ஒன்றை வெளியே போடு, சண்டை முடிந்தால் பாதியைப் பொறுக்கி உள்ளே போடு. பெட்டியை ஆட்டிப் பார்த்து முகம் மாறுகிறதே, அதற்காகவே செய்யலாம். நிமிடம் நின்று தேட முடியாமல் ஓட வேண்டி வந்தால் குச்சிகள் அங்கேயே கிடக்கும்.

அப்புறம் மந்திர அம்புகள். பகடையில் ஒன்றைக் கூட்டித் தரும் பிளஸ் ஒன் அம்பு என்று கொடுப்பது எனக்கு அலுத்துவிட்டது. மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மன்மதனின் கரும்பு வில்தானே. அதனால் புதையலில் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்று ஐந்து பூ அம்பு வைத்தேன். சேதம் பூச்சியம். பட்டவன் மந்திரத்திலிருந்து தப்ப விஸ்டம் சேவ் என்ற பகடையை உருட்ட வேண்டும், தவறினால் முல்லைக்கு எய்தவனை நண்பனாக நினைப்பான், அசோகுக்கு ஆயுதத்தைக் கீழே போடுவான், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மந்திர அம்பு இலக்கில் பட்டால் மந்திரம் போய்விடும் என்பது புத்தக விதி, தவறினால் தேடி எடுக்கலாம். ரேஞ்சர் நீலத்தை மட்டும் இன்னும் எய்யவில்லை, அது என்ன செய்யும் என்று நான் சொல்லவுமில்லை.