எம்டனுக்கு ஊதுபத்தி காட்டிய கதை

முதல் உலகப்போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ரிக்கிங், அதாவது கம்பி கட்டும் வேலை, ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு கம்பிகூடத் தொய்யவில்லை, கப்பலின் உயரக் கம்பங்களான இரண்டு மாஸ்டும் நேராக நிற்கின்றன. இந்த அளவில் நான் செய்த கப்பல்களில் இதுதான் உருப்படியான ரிக்கிங். அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெவெல் கம்பெனியின் 1/350 பிளாஸ்டிக் கிட், அதாவது நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு. நிஜக் கப்பல் 118 மீட்டர், மாடல் 34 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஹல் (கப்பலின் உடற்பகுதி) இணைப்பு, புட்டி, உப்புத்தாள், பிரைமர் எல்லாம் வழக்கம்போலத்தான், சொல்ல ஒன்றுமில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. போருக்கு முன் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த காலத்தில் எம்டன் வெள்ளை உடம்பும் மஞ்சள் புகைபோக்கிகளுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்று செல்லப்பெயர். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு நம்மூர்க் கடலில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது சாம்பல் நிற எம்டன். மெட்ராஸ்காரன் வேறு எந்த நிறத்தை அடிப்பான்? டாமியா எக்ஸ்எஃப்-19 சாம்பல் பெயின்டில் கொஞ்சம் வெள்ளை கலந்தேன். சின்ன அளவில் நிறம் ஒரு படி வெளிறியிருந்தால்தான் தூரத்தில் நிற்கிற கப்பலாகத் தெரியும்.

சரி, ரிக்கிங்குக்கு வருகிறேன்.

1/350-இல் கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்கும். 0.1 மி.மீ. நூலை மாட்டினால் அது நிஜத்தில் 35 மி.மீ. வடம். மாஸ்டைத் தாங்குகிற முக்கியக் கம்பிகளுக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம். வயர்லெஸ் ஆன்டெனா நிஜத்திலேயே சில மி.மீ. கம்பிதான். அதற்கும் 0.1 போட்டால் இரண்டு மாஸ்டுக்கும் நடுவே துணி காயப்போடக் கொடி கட்டியது மாதிரி ஆகிவிடும். தலைமுடியே சுமார் 0.07 மி.மீ., அதுவும் பெருக்கிப் பார்த்தால் 25 மி.மீ.க்குக் கிட்டே வருகிறது. ஆக, முடியை விட மெல்லிசாக, நேராக, பெயின்ட் அடிக்கத் தேவையில்லாமல் ஒன்று வேண்டும்.

ரிச்சி தெருவில் கிடைக்கிற எனாமல் பூசிய செம்புக் கம்பியில் 44 கேஜ் 0.08 மி.மீ., 46 கேஜ் 0.06. ஒரு சுருள் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். குட்டைத் துண்டுகளுக்கு நல்ல சரக்கு. நீளமான ஓட்டத்துக்கு வேண்டாம். சுருளிலிருந்து எடுக்கும்போது ஒரு மடிப்பு விழுந்தால் போச்சு, கண்ணாடிக்கு அடியில் வைத்து எவ்வளவு உருட்டினாலும் அந்த இடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது எல்லாரும் சிபாரிசு செய்கிற லைக்ரா நூல். 40 டெனியர் (நூலின் பருமன் அளவு) சுருள் ஒன்று வரவழைத்தேன். கை பட்டால் அறாது, இழுத்தால் வரும், விட்டால் திரும்பிப் போகும். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. என் புகார் வேறு. அது உருண்டையாக இல்லை, தட்டை. ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் வெளிச்சத்தில் நாடாவாகத் தெரிகிறது. தவிர, இழுத்து ஒட்டுகிற நூல் என்பதால் ஒவ்வொன்றும் மாஸ்டை இம்மி இம்மியாகத் தன் பக்கம் இழுக்கும். கிட்டின் பிளாஸ்டிக் மாஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் குழாயில் செய்திருக்கிறேன், அப்படியும் உச்சிப்பகுதி மெலிந்துபோகிற இடத்தில் அசைந்து கொடுக்கிறது. லைக்ராவுக்கு ரசிகர்கள் நிறைய, சண்டைக்கு வராதீர்கள். விமானம் செய்கிறவர்களுக்கு அது சரி.

கடைசியில் பழைய ஆட்களின் வழிக்கே வந்தேன்: ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கி வருகிற பிளாஸ்டிக் சட்டம்) இழுப்பது. கிட்டின் சாம்பல் ஸ்ப்ரூவே போதும், நிறமும் தானாக அமைந்துவிடுகிறது. கறுப்பு ஸ்ப்ரூ தேடி அலைய வேண்டாம், இந்த அளவில் கறுப்பு ரொம்பத் துருத்தும். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொங்க ஆரம்பிக்கும்போது அப்பால் எடுத்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, நிதானமாக இழுத்தால் தடி. இழுத்த கையோடு அப்படியே பிடித்திருக்க வேண்டும், ஆறுவதற்குள் விட்டால் வளையும். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. மே மாதத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள். இழுத்ததை ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் போட்டு வைக்கிறேன். மூன்று ஸ்ட்ரா: முடியை விடத் தடி, முடி அளவு, முடியை விட மெல்லிசு. அதற்கு மேல் அளவெடுப்பதெல்லாம் வீண்.

ஒட்டுவதற்கு ஒரு கருவி. தையல் ஊசியின் காதில் மேல் வளைவை மட்டும் அரத்தால் ராவி எடுத்துவிட்டால் இரண்டு பல் கொண்ட குட்டிக் கவை கிடைக்கும். பழைய பேனா மூடியில் ஊசியைச் செருகினால் கைப்பிடியும் தயார். சூப்பர் க்ளூவில் தொட்டால் இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு துளி நிற்கும். ஒட்டவேண்டிய இடத்தில் பட்டதும் துளி இறங்கிவிடும், கூடவும் வராது குறையவும் செய்யாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு இந்தப் பசை சீக்கிரம் பிடிக்கும், ஈரத்தால்தான் அது கெட்டியாகிறது. மழைக்காலத்தில் கப்பலுக்குக் கொண்டுபோவதற்குள் கவையிலேயே உறைந்துவிடுகிறது. அப்போது லைட்டரில் காட்டி எரித்துவிட்டு மறுபடி தொட வேண்டியதுதான். அந்தப் புகை கண்ணை எரிக்கும், ஜன்னலோரமாகச் செய்யுங்கள்.

இப்போது ஊதுபத்தி. ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு, மறுமுனையைச் சரியான நீளத்துக்கு வெட்டி, வேண்டுமென்றே கொஞ்சம் தொய்வாகவே ஒட்டுகிறேன். எல்லாம் பிடித்த பிறகு, கனிந்த ஊதுபத்தியைக் கம்பியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிப் பிடித்து அதன் நீளத்துக்கும் ஓட்டினால், கண் எதிரே தொய்வு மறைந்து விறைக்கிறது. இழுத்தபோது நீட்டி உறையவைத்த பிளாஸ்டிக், சூடு பட்டதும் பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். தொய்வு போனதும் கையை எடுத்துவிட வேண்டும், அதனால் மாஸ்ட் மீது இழுவையும் மிகக் குறைவு. ஆனால் அரை வினாடி அதிகம் நின்றாலும் கம்பி அறுந்து இரண்டு குமிழாகச் சுருண்டுவிடும். கம்பிக்கு நேர் கீழே பிடிக்காதீர்கள், சூடு மேலேதான் ஏறும். பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் சாம்பலைத் தட்டிவிட்டுக் கொண்டுபோகவும், இல்லாவிட்டால் டெக்கில் விழும். தடித்த தசாங்கம், சாம்பிராணிக் குச்சி எல்லாம் ஆகாது. கடையில் இருப்பதிலேயே மெல்லிய பத்தியாக வாங்க வேண்டும், மணம் எதுவாக இருந்தாலும் சரி. சால்டரிங் அயர்ன் முனையாலும் செய்யலாம் என்கிறார்கள். செய்து பார்த்தேன், கனமும் அதிகம், சூடும் அதிகம். பத்தி எடை இல்லாமல் விரலில் நிற்கிறது.

பூஜை அறைப் பெட்டியிலிருந்து எடுத்ததில் அம்மாவுக்கு வருத்தம். “சாமிக்கு ஒண்ணு ஏத்தி வெச்சுட்டு, அப்புறம் உன் கப்பலுக்குக் காட்டுடா” என்றார். அப்படியே நடக்கிறது.

வரிசை முக்கியம். உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலில் மாஸ்டுகளுக்கு நடுவே ஓடுபவை, அப்புறம் மூன்று புகைபோக்கிகளின் தாங்கு கம்பிகள், பிறகு பக்கவாட்டுக் கம்பிகள். இடப்பக்கம் ஒன்று போட்டால் உடனே வலப்பக்கம் அதன் ஜோடி. படகுகளைத் தூக்கும் டேவிட்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சட்டைக் கை அவற்றில்தான் மாட்டும். ஸ்ப்ரூவின் ஒரே பலவீனம், இடித்தால் ஒடியும். கண்ணாடிப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இது சரிப்படாது. குழந்தைகள் உள்ள வீடென்றால் லைக்ராவே மேல், ஒப்புக்கொள்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் கப்பலைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி, “இதுலதானே செண்பகராமன் வந்தாரு?” வரவில்லை, ஐயா. விடுதலைப் போராட்ட வீரரான செண்பகராமன் 1914-இல் சூரிக்கில் இருந்து, அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். இதைச் சொன்னால் என்னைத் தேசத்துரோகி மாதிரி பார்க்கிறார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்ததற்கான கல்வெட்டைப் போய்ப் பாருங்கள் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பொருள் வாங்குவது பற்றிப் புலம்பாமல் முடியாது. தனியாக வாங்கிய, நுண்ணிய பாகங்கள் பொறித்த பித்தளை எட்ச் தகடு, கைப்பிடிச் சுவர்ப் பகுதி மடங்கிய நிலையில் வந்து சேர்ந்தது. விற்றவர் புகைப்படம் கேட்டார், அனுப்பினேன், அதோடு சரி. மழுங்கிய கத்திமுனையால் கண்ணாடிமேல் நீவி எடுத்து ஒருவழியாக மாட்டினேன். லாக்கர் தின்னரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், தரைவழியாக வருவதற்குள் ஆர்வமே ஆறிவிடுகிறது. பிரைமருக்கு இப்போதெல்லாம் ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர்தான், பிரச்சினை எதுவும் வரவில்லை. மேல் கோட்டுக்கு மட்டும் நல்ல தின்னரைச் சேமித்து வைக்கிறேன்.

அடுத்த திட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடித் தோணி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன பாய்த்தோணி, 1/48-இல், மரத்தில். கிட் எதுவும் கிடையாது, எல்லாம் கையால் அறுக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குச் சிம்புகளை ஒரு சாக்கு நிறையச் சேர்த்தாயிற்று. அங்கே பருத்தி நூல்தான், ஊதுபத்திக்கு வேலையில்லை. பாய்க்கு எந்தத் துணி என்பது இன்னும் முடிவாகவில்லை. பழைய மல் வேட்டியை டீத்தூள் தண்ணீரில் முக்கிப் பார்க்க எண்ணம்.

எம்டனில் பாக்கி இரண்டு. ஒன்று நிலக்கரி. பிடித்த கப்பல்களிலிருந்து எடுத்த கரியை டெக் மேலேயே குவித்து வைத்துக்கொண்டுதான் அது சுற்றியது. பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பலில் கிடைத்த வேல்ஸ் கரி அவர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம், இந்தியக் கரி அவ்வளவு புகை கக்கியது. இஸ்திரிக்காரரிடம் வாங்கிய அடுப்புக்கரியை இடித்து, டீ வடிகட்டியில் சலித்து வைத்திருக்கிறேன். அதை ஒட்டுவதற்கு முன் கம்பிகளுக்கெல்லாம் ஒரு டல் கோட் (பளபளப்பில்லாத பூச்சு) போட வேண்டும். இல்லாவிட்டால் கரித்தூள் நிலைமின்சாரத்தில் ஸ்ப்ரூவில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று நாலாவது புகைபோக்கி. பிரிட்டிஷ் யார்மத் கப்பல் என்று தூரத்திலிருந்து நம்பவைக்க மரச்சட்டமும் கித்தான் துணியுமாக எழுப்பிய போலி. 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் நுழைந்து ருஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கைத் தாக்கியது இந்த வேஷத்தில்தான். மற்ற மூன்றும் நிஜத்தில் இரும்பு, வழவழப்பு. இதில் மட்டும் துணியின் தொய்வு தெரிய வேண்டும், சென்னை எம்டனாக வைக்கும்போது கழற்றவும் வர வேண்டும். 46 கேஜ் கம்பியில் சட்டம் கட்டியாயிற்று. உறைக்கு டிஷ்யூ பேப்பரில் ஒரு துண்டும் சிகரெட் பேப்பரில் ஒரு துண்டும் ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன். டிஷ்யூ நன்றாகப் படிகிறது, ஆனால் ஏர்பிரஷ் (பெயின்ட் தெளிக்கும் கருவி) காற்றைத் தாங்குமா என்று சந்தேகம். இதற்குமுன் யாராவது இந்த இரண்டில் ஒன்றின் மேல் டாமியா அடித்திருந்தால், எத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.