முள்வாங்கியும் நாலு காலும்

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

தப்பு என்னுடையது. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

நானும் என் நாய் செவத்தியும் வழக்கமாகக் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி எட்டயபுரம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புவோம். இன்று நான் கண் விழித்ததே ஆறரைக்கு. இந்த வருஷம் எப்படியும் 21 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்ற வைராக்கியம் வேறு. பதினாலு போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. அவளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் ஷூவைக் கையில் எடுக்கும் முன்பே அவள் கேட்டருகே நின்றாகிவிட்டது.

ஏழாவது கிலோமீட்டரில் திரும்பி, அறுவடை முடிந்த சோளக்காட்டு வழியாகக் குறுக்கே வந்தோம். வாரை அவிழ்த்துவிட்டிருந்தேன். தட்டைக்குள்ளிருந்து ஒரு முயல் கிளம்பியது. சிப்பிப்பாறை வேட்டைநாய் இரத்தம், கேட்கவா வேண்டும்! வெடிப்பு விட்ட கரிசல், வெட்டிய தட்டையின் கூர்முனைகள், வரப்போரம் சீமைக்கருவேலம் என்று எதையும் அவள் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வெறும் வாயோடு, நாக்கு தொங்கத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகும் நாலு கிலோமீட்டர் தார்ச்சாலை. வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்பது.

வழி நெடுக அவள் எனக்கு ஓரடி முன்னால்தான் ஓடினாள். ஒரு தடவைகூடப் பின்தங்கவில்லை. அதில்தான் ஏமாந்தேன்.

மத்தியானம் சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. முன்னங்காலை நக்கிக்கொண்டே படுத்திருந்தாள். "ஏய்யா, தரையெல்லாம் என்ன செகப்பா இருக்கு? வெத்தல எச்சியா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

இரவு 10 மணி. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு ஒவ்வொரு காலாக முக்கிக் கழுவினேன். முன்னங்கால் இரண்டிலும் அடிப்பாதத்தின் நடுவிலுள்ள பெரிய மெத்தை தேய்ந்து, கறுப்புத் தோல் போய் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. இடது காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கிளம்பித் தொங்குகிறது. பின்னங்கால்கள் பரவாயில்லை. ஒரு விரலிடுக்கில் மட்டும் கருவேல முள். அப்பாவின் பழைய முள்வாங்கியைத் தேடி எடுத்து, கொதிநீரில் போட்டுப் பிடுங்கினேன். கத்தவில்லை. காலை இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கடித்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் கால்நடை மருந்தகம். எங்களுக்கு முன்னால் கழிச்சல் கண்ட இரண்டு ஆடுகள், ஒரு சினைப்பசு, சாக்கில் கட்டிய சேவல். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லியாயிற்று.

டாக்டர் முதலில் கேட்டது, "தோலைப் பிய்ச்சீங்களா?" இல்லை என்றதும் முகம் தெளிந்தது. தொங்கிய செத்த தோலை மட்டும் கத்தரியால் நறுக்கினார்; ஒட்டியிருந்ததைத் தொடவில்லை. அடியிலிருக்கும் இளந்தோலுக்கு இப்போதைக்கு அதுதான் மூடியாம்.

பிறகு முன்னங்காலில் மணிக்கட்டுக்குப் பின்னால், தரையே தொடாத உயரத்தில் இருக்கும் சின்ன மெத்தையைக் காட்டினார். அதுவும் சிராய்த்திருந்தது. எனக்குப் புரியவில்லை. "நடக்கும்போது இது தரையில படாது சார். வேகமா ஓடி சட்டுனு திரும்பும்போது, பிரேக் போடும்போது படும். எதையாவது விரட்டுச்சா?" முயல் எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூடச் சொல்லிவிடுவார் போலிருந்தது. முன்னங்காலில் காயம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் சொன்னார். நாயின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன.

வலிக்கு மருந்து எழுத எடை வேண்டும். எதிரே அரிசி மண்டியில், அவளைத் தூக்கிக்கொண்டு நான் தராசில் ஏறினேன். என் எடையைக் கழித்ததில் 18 கிலோ. மண்டிக்காரர் கணக்கைப் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அம்மா நேற்றே அரை பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நாம் கணக்குப் போட்டு நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கலாம். ஐபுரூஃபன் இன்னும் மோசம், வயிற்றில் புண், பிறகு சிறுநீரகம். அவர் தந்ததை மட்டும், சோற்றுக்குப் பிறகு மட்டும்.

கட்டுப் போடுவதையும் கற்றுக்கொண்டேன். பொவிடோன் அயோடினைப் பால் ஊற்றாத லேசான டீ நிறம் வரும்வரை தண்ணீர் விட்டுக் கலந்து துடைக்க வேண்டும். ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, விரலிடுக்குகளில் கொஞ்சம் பஞ்சு. காயத்தில் ஒட்டாத துணி, மேலே சுருள்கட்டு. நடு விரல் இரண்டின் நுனி வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். தினமும் மாற்ற வேண்டும். நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும்.

மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசலாமா என்று அம்மா கேட்கச் சொல்லியிருந்தாள். நக்குவாள், மண் ஒட்டும், வேண்டாம் என்றார். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கட்டைத் தின்றுவிட்டாள். முழுதும் அல்ல, இடது காலில் முக்கால்வாசி. விழுங்கினாளா துப்பினாளா என்று திண்ணையடியில் கைவிளக்கோடு தேடியதில் துணி அத்தனையும் கிடைத்தது. நிம்மதி.

கழுத்தில் மாட்டும் கூம்பு இங்கே இரண்டு மருந்துக்கடையிலும் இல்லை. கோவில்பட்டியில் இல்லாதது அதுதான். தீப்பெட்டி அட்டை வேண்டிய மட்டும் உண்டு. பக்கத்துத் தெரு தீப்பெட்டி ஆபீசில் ஒரு பெரிய பெட்டி வாங்கி வெட்டி, ஓரத்தில் பழைய வேட்டிக் கரையைத் தைத்து மாட்டிவிட்டேன். குழாய் ஸ்பீக்கர் மாதிரி இருக்கிறாள். பங்குனித் திருவிழா வேட்டுச் சத்தத்துக்கு அந்த அட்டையோடு கட்டிலுக்கு அடியில் புகப் பார்த்து, பாதியில் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றுக்கு, இரண்டுக்கு வெளியே கூட்டிப்போகும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர். வந்ததும் கழற்றிவிட வேண்டும். நாய்க்கு வியர்ப்பதே பாதத்தில்தானாம். கவர் உள்ளே இருந்தால் புழுங்கிப் புண் ஊறிவிடும்.

ஏப்ரல் 10, புதன்

காலை ஒன்பது மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்த அதே சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயை நடத்தக் கூடாது என்பது கணக்கு. நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்தார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

எதிர்வீட்டுத் தாத்தா வந்தார். எண்பதை நெருங்குகிறவர், வாலிபத்தில் வீட்டில் எப்போதும் இரண்டு சிப்பிப்பாறை வைத்திருந்தவர். செவத்தியின் கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்புட்டுத் தூரம் ஓட்டுன?"

பதினாலு என்றேன்.

"முயலுக்கு ஓடுற நாயி ஒரு மூச்சு ஓடும், பிடிக்கும், இல்ல விட்டுட்டு நிக்கும். அம்புட்டுத்தான் அதோட ஓட்டம். நீ அதக் கழுத மாதிரி ரோட்டுல நடத்திக் கூட்டிட்டு வந்திருக்க."

கழுதை என்றது அவளையல்ல என்று பட்டது. ஆனாலும் யோசித்தால் சரியாகத்தான் சொல்கிறார். நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டல், கால் நீளம் என்று அந்த உடம்பின் அமைப்பே ஒரு பாய்ச்சலுக்கானது. ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் தாரில் தேய்வது என்னுடைய பைத்தியம், அவளுடையதல்ல. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் பாதமும் காய்த்திருக்குமோ என்னவோ. நாலிலிருந்து பதினாலுக்கு ஒரே நாளில் தாவினேன். என் பாதத்துக்காவது ஆறாயிரம் ரூபாய் ஷூ இருந்தது.

அந்தக் காலத்து வேட்டைக் கதைகள் சிலவற்றைச் சொன்னார். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் பிடிப்பது குற்றம் என்பதால், "அதெல்லாம் அப்ப" என்று மூன்று முறை சொல்லிக்கொண்டார். ஒன்று மட்டும் மனதில் நின்றது. காட்டிலிருந்து வந்ததும் இவர்கள் சாப்பிட உட்காரும் முன் நாயின் நாலு காலையும் மடியில் வைத்து விரல் விரலாகப் பார்ப்பார்களாம். பார்க்காதவனுக்கு அவர் அப்பா கஞ்சி ஊற்ற விடமாட்டாராம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி. வலது கால் காய்ந்து, ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புதுத்தோல் உள்நோக்கி வருகிறது. சீழ் இல்லை, வாடை இல்லை. வலது காலுக்குக் கட்டு வேண்டாம். அண்ணன் மகனின் பள்ளிக்கூட சாக்ஸ் போதும். இடதுக்குக் கட்டு தொடர்கிறது.

சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். ஓட்டமில்லை, கடலைமிட்டாய் மட்டும் அம்மா கையிலிருந்து ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தால் 18 கிலோ 20 ஆகிவிடும்.

ஏப்ரல் 20, சனி

இரண்டு நாள் தேர்தல் பணி. 18ஆம் தேதி வாக்குச்சாவடிக்குப் போனவன், நேற்று இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு வீடு சேர நள்ளிரவாகிவிட்டது. அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதே தெரிந்தது.

நேற்று மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போன அம்மா கதவைச் சாத்த மறந்துவிட்டாள். செவத்தியும் பின்னாலேயே போயிருக்கிறாள். குரங்கு ஒன்று கைப்பிடிச் சுவரில். கட்டோடு மொட்டைமாடியில் நாலு சுற்று, சித்திரை வெயிலில். வலது சாக்ஸ் கழன்று எங்கோ போய்விட்டது.

"நான் கூப்ட கூப்ட நிக்கலய்யா."

என்ன சொல்வது? என் முன்னால் ஓடியபோதும் அவள் நிற்கவில்லையே. அம்மா இதற்குள் உப்புத்தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, நான் கட்டுவதைவிட ஒழுங்காகக் கட்டியும் போட்டிருந்தாள், விரல் நுனி இரண்டும் வெளியே தெரிய. இன்று பிரித்துப் பார்த்தேன். வலது காலில் புதுத்தோல் ஓரமாகக் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஒரு வாரம் பின்னால் போய்விட்டோம். டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

ஏப்ரல் 24, புதன்

கட்டு, கூம்பு, மாத்திரை, சாக்ஸ். எழுத ஒன்றுமில்லை. நான் இப்போது ஷூவைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துப்போய், தெருமுனை அடிகுழாயருகே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு ஓடுகிறேன். வீட்டில் வைத்து மாட்டினால் மூன்று காலில் கேட்டுக்கு வந்துவிடுகிறாள்.

மே 3, வெள்ளி

கட்டு போய் மூன்று நாள். பெரிய மெத்தை இரண்டும் மூடிவிட்டன. நிறம் இன்னும் முழுக்கறுப்பு ஆகவில்லை. விரலால் தடவினால் பழைய சொரசொரப்பு இல்லை, புதுப் பலகை மாதிரி வழவழப்பு. வழவழப்பு என்றால் இன்னும் இளசு என்று பொருள். நாளை அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது. அது முடியும்வரை தார் கிடையாது என்று முடிவு.

காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரை மண்ணில் பத்து நிமிஷம், வாரோடு, நடை மட்டும். ஓடலாம் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும், என் செருப்பைக் கழற்றும் முன் முள்வாங்கியை எடுத்தேன். முன்னங்கால் இரண்டையும் பார்த்து முடித்தபோது வலது பின்னங்காலை அவளே தூக்கி என் முழங்கால் மேல் வைத்தாள். விரலிடுக்கில் ஒரு நெருஞ்சி.