காவடிப் படங்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தன

தைப்பூசத்தன்று மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊர் மலைக்கோயிலில் எடுத்த படமெல்லாம் இத்தனை நாள் கேமராவிலேயே கிடந்தது, அத்தை தினமும் "எங்கடா என் காவடிப் படம்?" என்று கேட்டு உயிரை வாங்கினார். கேமராவின் வைஃபையில் போனை இணைத்தால் நெட் போய்விடுகிறது, ஏனென்றால் அங்கே கேமராவேதான் ஹாட்ஸ்பாட். படம் இறங்கியபின் அதைத் துண்டித்துவிட்டுத்தான் பதிவேற்ற முடிந்தது. கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பு ஒவ்வொன்றும் 25 எம்பி, அதைத் தொடவேயில்லை. 2 மெகாபிக்சல் அளவுள்ள சின்ன ஜேபெக் படமே போதும், முகநூல் எப்படியும் சுருக்கத்தான் போகிறது. அப்புறம் இந்த வைஃபை தொல்லையே வேண்டாமென்று ஒரு யூஎஸ்பி-சி கார்டு ரீடர் வாங்கி, கேமரா கார்டைப் போட்டுப் போனில் செருகினேன், சட்டென்று வேலை முடிந்தது. அலகு குத்திய அண்ணன் நெற்றியில் விபூதி வியர்வையோடு வழிவதுகூடத் தெரிகிறது. ரோஸ் புடவையில் அத்தைதான் கண்ணை மூடியிருக்கிறார், சத்தியமாக என் தப்பில்லை!