கோச்சி வந்த பிறகு வந்த சாப்பாட்டுக்கடைகள்

காசு கொடுத்துச் சோறு தின்பதை யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் மரியாதைக் குறைவாகத்தான் பார்த்தார்கள். வெளியூர் போனால் சொந்தக்காரர் வீடு, அது இல்லையென்றால் வழிப்போக்கர் தங்குகிற மடம். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றைக்கும் நிற்கிறது, போனால் கட்டாயம் பாருங்கள்: கல் தூண்கள், இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால் தெருவே ஓடும். துரைமாருக்கு வாடிவீடு என்ற தங்கும் விடுதி இருந்தது, அது வேறு உலகம்.

இதையெல்லாம் மாற்றியது கோச்சி, அதாவது ரயில்தான். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்போடு பாதை இணைந்துவிட்டது. அதற்கு முன் கொழும்பு என்றால் கப்பல், அல்லது வன்னிக் காட்டுக்குள்ளால் மாட்டுவண்டி. இப்போது கிளாக்கர் வேலைக்குப் போகிறவர், மலாயாவிலிருந்து லீவில் வருகிறவர், சுருட்டு யாவாரி, கோட்டு வழக்குக்கும் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கும் தீவுப்பகுதியிலிருந்து வந்து அன்றைக்கே திரும்ப முடியாதவர் என்று பட்டணத்தில் உறவில்லாத ஆட்கள் பெருகினார்கள், அவர்களுக்குப் பசித்தது. பெரியகடைப் பக்கமும் வண்ணார்பண்ணையிலும் சாப்பாட்டுக்கடையும் தேத்தண்ணிக்கடையும் எடுபட்டது இப்படித்தான். தோசை, சம்பல், வடை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற வெறுந்தேத்தண்ணி.

இதுவரைக்கும் எல்லோரும் ஆசையாக எழுதுகிற கதை. எனக்கு மனம் ஆறாதது அந்தக் கடைகளில் இருந்த பாத்திரங்களைப் பற்றித்தான்.

மூக்குப்பேணியைப் பாருங்கள். பித்தளைக் குவளை, பக்கத்தில் சின்ன மூக்கு. தலையை அண்ணாந்து, உதடு படாமல், மூக்கு வழியாக வாய்க்குள் ஊற்ற வேண்டும். பழக்கமில்லாதவருக்குச் சட்டையெல்லாம் நனையும். ஒருவர் எச்சில் மற்றவருக்குப் படாது, நல்ல சுத்தம் என்று இன்றைக்கும் புகழ்கிறோம். சரி, சுத்தம்தான். ஆனால் அந்தப் பேணிகூட எல்லோர் கைக்கும் போகவில்லையே! ஒடுக்கப்பட்ட சாதியினர் கடைக்கு வெளியே நின்று, போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் வாங்கிக் குடித்தார்கள். கொடுத்த காசு மட்டும் ஒரே பெட்டிக்குள் விழுந்தது.

மடத்துக்கும் வீட்டுக்கும் பழைய வழமை இருந்ததென்றால் ஒரு விளக்கமாவது சொல்லலாம். காசுக்கு விற்கிற கடை புதிதாக வந்தது, கோச்சியோடு வந்தது. அந்தப் புதிய இடத்துக்குள்ளும் பழைய கட்டுப்பாட்டைத் தெரிந்தே கொண்டுபோய் வைத்தார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1920களின் முடிவில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம், சம போசனம் என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரர்கள் உட்படப் பலர் நின்றபோது எவ்வளவு எதிர்ப்பு! சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. கடைகளில் பாகுபாடு காட்டுவது குற்றம் என்று சட்டம் வந்தது 1957இல். சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. சாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய், அப்புறம் ஒவ்வொரு தேத்தண்ணிக்கடையாகப் போய் இருந்துதான் திறக்க வைத்தார்கள், அடிபட்டும் இரத்தம் சிந்தியும்.

பழைய கடைகளின் ருசி பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எழுதுங்கள், நானும் விரும்பி வாசிக்கிறேன். உங்கள் வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் யாரும் இருந்தால், அந்தக் கடையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எங்கே நின்று, எதில் குடித்தீர்கள் என்றும் கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.