துளிரைக் காட்டிச் சொல்வது

கலைக்கூடத்தில் வழிகாட்டியாக, எரிந்த காடு துளிர்ப்பதைக் காட்டும் ஓவியத்தின் முன்னால் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் காடுகள் எரிந்தன, பிறகு கரிக்கட்டையான தைலமரங்களின் அடிமரமெங்கும் பச்சை வெடித்தது. ஓவியர் கற்பனை செய்தது இல்லை. பல தைலமர வகைகளில் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே இலையெல்லாம் கருகிய பிறகு அவை விழிக்கும். முதியோர் குழுக்களுக்கு இது பிடிக்கும்.

அன்று ஒரு பெரியவர் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தார். துளிர்கள் தூரிகையால் வரைந்தவை இல்லை, சாயத்தை விரலால் அப்பியவை. ஒன்றிரண்டில் ரேகைகூடத் தெரியும். பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, ரியாவ்ல எரிஞ்சுதே, அங்கயும் இப்படித் துளிர்க்குமா?"

"அது வேற மாதிரிக் காடு அங்கிள்" என்றேன். பின்னால் அடுத்த குழு நின்றது. நகர்ந்துவிட்டோம்.

பதில் சரிதான். ரியாவ் இருக்கும் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், சதுப்புக்காட்டில் மரம் மட்டுமா எரிகிறது, மண்ணே எரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த மண் அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்துபோகும்; தீப்பிடித்தால் அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். அங்குள்ள மரங்களுக்குத் தீயோடு பழக்கம் கிடையாது. திரும்பத் திரும்ப எரிந்த இடத்தில் பெரணிதான் மண்டும். பல இடங்களில் அப்புறம் செம்பனை, அதாவது பாமாயில் தரும் பனை. அதுவும் பச்சைதான், என்ன செய்ய!

ஓவியர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது என் வேலை இல்லை. ஆனால் 2013 ஜூன் 21ஆம் தேதி இங்கே சிங்கப்பூரில் சுமத்ராப் புகையால் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தவர்கள்தானே இந்த முதியவர்களும்? காட்டுத்தீ என்றதும் இவர்கள் மூக்கில் ஏறுவது அந்தப் புகைமூட்டம்தான். 'காடு மீண்டுவிடும்' என்று நான் சொன்னால் ரியாவையும் சேர்த்தேதான் ஆறுதல் கொள்வார்கள்.

"வந்தவங்க சந்தோஷமாப் போகட்டும்டி" என்கிறார் கூட வேலை பார்க்கும் அக்கா. அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. பஸ் பிடித்து, முட்டிவலியோடு வருகிறவர்கள்.

இப்போது 'எல்லாக் காடும் இப்படித் துளிர்க்காது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சில நாள் சொல்கிறேன், சில நாள் முழுங்கிவிடுகிறேன். குழுவின் முகத்தைப் பார்த்துத்தான். முகம் பார்த்து உண்மை சொல்வது என்ன கணக்கு என்று எனக்கே விளங்கவில்லை. சொன்ன நாளில் கேள்விமேல் கேள்வி வருகிறது. சுற்று நேரத்துக்கு முடிவதே இல்லை.