இறக்கையின் அடிப்பக்கம்

சிங்கப்பூர் நீரிணையில் கடற்பறவைக் கணக்கெடுப்புக்குச் செல்லும் படகுகளில் புகைப்படக்காரராகப் பணியாற்றிவருகிறேன். இந்தப் பணியில் என்னிடம் யாரும் அழகான படம் கேட்பதில்லை. கடந்து போன பறவை எந்த இனம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லும் படத்தையே கேட்கிறார்கள். பறவையின் கண் துல்லியமாக விழுந்திருக்க வேண்டும் என்பது பூங்காக்களில் படமெடுப்பவர்கள் போற்றும் விதி. கடலில் அந்த விதியைவிட இறக்கையின் ஒரு விளிம்பு எனக்கு முக்கியமாகிவிட்டது.

அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கரையிலும் குஞ்சு பொரிக்கும் அலூஷியன் ஆலா என்னும் கடற்பறவை வலசைக் காலத்தில் இந்த நீரிணைக்கு வருகிறது. குளிர்காலத் தோற்றத்தில் அதைக் காமன் டெர்ன் என்னும் மற்றோர் ஆலா இனத்திலிருந்து பிரித்தறிவது எளிதன்று. உள்ளிறக்கையின் அடிப்பக்கத்தில் பின்விளிம்பை ஒட்டி ஓடும் கரிய பட்டையே அதன் உறுதியான அடையாளம். அந்தப் பட்டையைப் படத்தில் பிடிக்க வேண்டுமானால் வெளிச்சம் தாழ்வாக வந்து இறக்கைக்கு அடியில் விழ வேண்டும். நம் ஊரில் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடியும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு அருகில் நேரே மேலெழுந்துவிடுவதால், பத்து மணிக்குள் இறக்கையின் அடிப்பக்கம் தன் நிழலிலேயே மூழ்கிவிடுகிறது. அதற்குமேல் நீர்ப்பரப்பில் கானலும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே உருப்படியான படங்கள் பெரும்பாலும் காலையின் முதல் மூன்று மணி நேரத்துக்குள் அமைந்துவிடுகின்றன.

எங்கள் படகில் சுக்கான் பிடிக்கும் அண்ணன் பாம்பன்காரர். மீன் தேடிக் கடலில் வளர்ந்தவர் என்பதால், என் தொலைநோக்கிக்கு முன்பே அவர் கண்ணுக்குப் பறவை தென்பட்டுவிடும். "தம்பி, கட்டையில ஆலா உக்காந்திருக்கு, பாத்துக்கோ" என்பார். ஆலாக்கள் மிதந்து வரும் மரக்கட்டையிலும் பலகையிலும் நெகிழித் துண்டிலும்கூட இளைப்பாறுகின்றன. நீண்ட பயணத்தில் களைத்த பறவையை நெருங்கி விரட்டிப் பறக்கவைத்துப் படமெடுப்பதை நான் ஏற்பதில்லை, அண்ணனும் ஏற்பதில்லை. விலகி நின்று காத்திருப்போம். சற்று நேரத்தில் அப்பால் செல்லும் ஏதோவொரு சரக்குக் கப்பலின் அலை வந்து கட்டையைத் தூக்கும்போது பறவை தானாகவே எழும்.

எழும் பறவை காற்றை எதிர்த்தே எழும் என்பதை நம்பித்தான் படகை நிறுத்துகிறோம். செப்டம்பர் காலையில் சூரியன் கிழக்கே இருக்க, காற்று தென்மேற்கிலிருந்து வீசினால், கட்டைக்குத் தென்கிழக்கே நிற்பது இரண்டுக்கும் பொருந்தும்: பறவை பக்கவாட்டில் கடக்கும், எங்களை நோக்கிய இறக்கை மேலே உயரும் ஒவ்வொரு முறையும் அதன் அடிப்பக்கம் வெயிலைப் பார்த்துத் திரும்பும். ஆனால் எல்லா நாளும் அப்படி நிற்க இயலாது. கப்பல் தடத்துக்குள் படகை நிறுத்த முடியாது. நாட்டின் எல்லைக் கோட்டைப் பறவை தாண்டலாம், நாங்கள் தாண்டக் கூடாது.

விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் செல்லும் ஆலா, ஷட்டர் 1/2000 விநாடி திறந்திருக்கும் இடைவெளியில் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. இறக்கை நுனியின் வேகம் இதைவிடக் கூடுதல் என்பதால் நான் 1/2500-க்குக் கீழே இறங்குவதில்லை. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, கேமராவிடம் விடாமல், ஒரு வெள்ளை இறகு வெளிறிவிடாத அளவுக்கு நானே அமைத்துவிடுகிறேன். ஏனெனில் அதே பறவை ஒரு கணம் வானத்துக்கு முன்னும் மறுகணம் கரும்பச்சை நீருக்கு முன்னும் வரும்போது கேமராவின் கணிப்பு தடுமாறும்.

செப்டம்பரில் இவ்வழியே இந்தியப் பெருங்கடலுக்குச் செல்லும் ஸ்வின்ஹோ பெட்ரல் என்னும் கடற்பறவை ஆலாவுக்கு நேரெதிரான பாடம். மைனாவைவிடச் சிறிய, அடர்பழுப்பான அப்பறவை அலைகளின் பள்ளங்களில் மறைந்து மறைந்து பறக்கிறது. அதன் அடையாளம் இறக்கையின் மேற்பக்கத்தில், வெளியிறகுகளின் தண்டடியில் தெரியும் சிறு வெண்மை. அது சாய்ந்து திரும்பும் நொடியில் மட்டுமே அந்த வெண்மை நமக்குக் கிடைக்கும். அந்த நொடிக்காகத் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் நீர் மட்டுமே இருக்கும். அவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

கரைக்குத் திரும்பியபின் லென்ஸின் உப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கேமராவின் நேரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கணினியைத் திறப்பேன். இப்போதைய மென்பொருள்கள் படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளை நீக்குகிறோம் என்று சொல்லி, இல்லாத இறகு விளிம்பையும் வரைந்துவிடுகின்றன. கரும்பட்டை உண்டா இல்லையா என்று முடிவு செய்யவேண்டிய இடத்தில் அப்படிப்பட்ட படத்தை ஒருபோதும் கொடுக்க மாட்டேன். மங்கலாக இருந்தாலும் மூலக்கோப்பைத் தொடாமல், நேரமும் இடமும் சேர்த்து, ஆய்வாளர்களிடம் அப்படியே ஒப்படைக்கிறேன். இனத்தை முடிவு செய்பவர்கள் அவர்கள்.